இலை உதிர்ந்தால் கடலை முற்றிவிட்டதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வல்லத்திராக்கோட்டை, ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளுக்கு நிலக்கடலை நன்கு பழகிய பயிர். மழையை நம்பி ஆனி, ஆடியில் விதைப்பவர்கள் உண்டு. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் மார்கழிப் பட்டத்திலும் சித்திரைப் பட்டத்திலும் இறவையில் பயிரிடுகிறார்கள். விதைத்து எண்பது, எண்பத்தைந்து நாள் ஆகும்போது கொல்லையில் ஒரு மாறுதல் தெரியும். அடி இலைகள் பழுத்து உதிரும், தண்டு வெறுமையாகும், நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை நிற்கும். "கடலை முற்றிவிட்டது, பறிக்க ஆள் சொல்ல வேண்டியதுதான்" என்று பேச்சு எழும்.

இந்த அடையாளம் முழுப் பொய்யுமன்று. முற்றிய கடலைச் செடியில் அடி இலைகள் காய்ந்து உதிர்வதும் மேல் இலைகள் மஞ்சளாவதும் இயற்கை. ஆனால் இதே தோற்றத்தை ஒரு பூசணமும் உண்டாக்கும். நோயினால் இலை கொட்டிய செடியை முற்றிய செடி என்று எண்ணிப் பறித்துவிட்டால், ஆயும்போதுதான் உண்மை தெரியும்: சூம்பிய பருப்பு, பொக்குக் காய், எடை குறைந்த மூட்டை. மாட்டுக்குப் போடும் கொடியிலும் இலை இராது. வெறும் குச்சிதான் மிஞ்சும்.

உருளைக்கிழங்கின் இலைக் கருகல் நோயைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். 1845-இல் அயர்லாந்தில் பரவத் தொடங்கி, தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் மக்கள் மாளக் காரணமான நோய் அது. நீலகிரியின் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் இன்றும் அது உண்டு. மேகமூட்டமும் சாரலும் நீடித்தால் பத்து நாளில் ஒரு தோட்டத்தைக் கருக்கிவிடும்; அதனால் அதைக் கண்டால் எல்லாருக்கும் அச்சம். கடலையின் இலைநோய் அவ்வளவு வேகமானதன்று. ஒவ்வோர் இலையாக, ஓசையில்லாமல், அறுபது நாள் எடுத்துக்கொண்டு வேலை செய்யும். அதனாலேயே பலரும் அதை நோய் என்றே நினைப்பதில்லை. அச்சமில்லாத இந்த நோய்தான் நம் கொல்லைகளில் ஆண்டுதோறும் இழப்பை உண்டாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் விளைச்சலில் பாதிவரைகூடப் போய்விடும்.

மூன்று நோய்கள், மூன்று முகங்கள்

கடலை இலையைத் தாக்கும் முக்கியமான பூசண நோய்கள் மூன்று. முதல் இரண்டும் இலைப்புள்ளி நோய்கள். 'டிக்கா நோய்' என்று இவற்றைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். மூன்றாவது துரு நோய்.

முன்பருவ இலைப்புள்ளி, விதைத்து மூன்று, நான்கு வாரத்திலேயே தோன்றலாம். பழுப்பு நிறப் புள்ளி. அதைச் சுற்றித் தெளிவான மஞ்சள் வளையம். இதை உண்டாக்குவது செர்க்கோஸ்போரா அராக்கிடிகோலா. இது பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில் வித்துகளை உண்டாக்கும்.

பின்பருவ இலைப்புள்ளி வழக்கமாக நாற்பது நாளுக்குப் பிறகு வரும். புள்ளி வட்டமாகவும் கருமையாகவும் இருக்கும். மஞ்சள் வளையம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் அந்தப் புள்ளி கரி பூசியதுபோல் கறுத்துச் சொரசொரப்பாக இருக்கும். வித்துகள் உண்டாவது அங்கேதான். செர்க்கோஸ்போரிடியம் பெர்சோனேட்டம் என்ற பெயரில் பழைய நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. பூசண இயலார் இவ்விரண்டுக்கும் பலமுறை பெயர் மாற்றி, பின்பருவப் பூசணத்தை இப்போது 'நோத்தோபாசலோரா' என்ற பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். பெயர் மாறினாலும் புள்ளி மாறவில்லை. மாணவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

துரு நோயை இனங்காண்பது எளிது. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் கடுகிலும் சிறிய கொப்புளங்கள் இருக்கும். அவை வெடித்ததும் விரலால் தடவினால் செம்பழுப்புப் பொடி ஒட்டும். காரணம் பக்சீனியா அராக்கிடிஸ். இந்தியாவில் 1970-களில்தான் இது நாடெங்கும் பரவிப் பெரிய தொல்லையானது.

கொல்லையில் நின்று ஒரு பார்வையிலேயே வேறுபாட்டைக் காண ஒரு வழி உண்டு. இலைப்புள்ளி கடுமையானால் இலை உதிர்ந்துவிடும். துரு கடுமையானால் இலை காய்ந்து சுருங்கும். ஆனால் உதிராமல் செடியிலேயே தொங்கும். பின்பருவத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால், ஒரே செடியில் இரு காட்சியையும் காணலாம்.

இலைப்புள்ளிப் பூசணங்கள் இரண்டும் நெருங்கிய உறவினர்கள் என்றாலும் சாப்பிடும் முறை வேறு. முன்பருவப் பூசணம் இலையின் செல்களை முதலில் கொன்றுவிட்டுப் பிறகு உள்ளே நுழைந்து உண்ணும். பின்பருவப் பூசணம் உயிருள்ள செல்லுக்குள் உறிஞ்சு உறுப்பை நீட்டி உணவை எடுத்துக்கொள்ளும். ஒருவன் கொள்ளைக்காரன், மற்றவன் ஒட்டுண்ணி என்று வைத்துக்கொள்ளலாம்.

இலை போனால் காய்க்கு என்ன?

நிலக்கடலை மண்ணுக்கு மேலே பூக்கும். விதைத்து இருபத்தைந்து, முப்பது நாளில் முதல் பூ. மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் பூவின் அடியிலிருந்து விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியே காயாகும். பூவிலிருந்து முற்றிய காய் வரை சுமார் இரண்டு மாதம் ஆகிறது. முதலில் காயின் ஓடு முழு அளவுக்கு வளர்ந்துவிடும். உள்ளே பருப்பு நிறைவதும், அதன் எடையில் ஏறக்குறையப் பாதியளவு எண்ணெய் சேர்வதும் பின்னால்தான் நடக்கும். நூறு, நூற்றைந்து நாள் வயதுடைய கொத்துக் கடலையில் இந்த நிறைவுக்காலம் ஏறத்தாழ அறுபதாம் நாளிலிருந்து கடைசி வரை.

பின்பருவ இலைப்புள்ளியும் துருவும் உச்சத்துக்கு வருவதும் அதே காலம். மண்ணுக்குள்ளே காய்கள் மாவுப்பொருளுக்குக் காத்திருக்கும்போது, மேலே அதைத் தயாரிக்கும் இலைகள் ஒவ்வொன்றாய்க் கொட்டிக்கொண்டிருக்கும். ஓடு பெரிதாக இருந்தும் பருப்பு சூம்பிக் கிடப்பதன் காரணம் இதுவே. இன்னொரு கேடும் உண்டு. நோயுற்ற செடியில் விழுதின் பிடிப்பு தளர்ந்துவிடும். செடியைப் பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய காயைப் பற்றி மீண்டும் பேசப் போகிறோம். கதையில் அதற்கு முக்கியமான பங்கு இருக்கிறது.

வித்தின் பயணம்

பின்பருவப் பூசணத்தின் ஒரு வித்து சுமார் 0.05 மில்லிமீட்டர் நீளம் உடையது. இருபது வித்துகளை நுனியோடு நுனி சேர்த்து வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். கறுத்த புள்ளி ஒவ்வொன்றிலும் இவை ஏராளமாக உண்டாகின்றன. காலையில் பனி உலரும் நேரத்திலும், மழை தொடங்கும் நேரத்திலும் இவை அதிகமாகக் காற்றில் கிளம்புகின்றன. மழைத்துளி தெறிப்பதும் பூச்சிகள் நடமாடுவதும் கூட இவற்றைப் பரப்பும்.

பக்கத்து இலையில் போய் விழுந்த வித்துக்கு இரண்டு தேவைகள்: 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம், பல மணி நேரம் உலராத ஈரம். இரவெல்லாம் பனியில் நனைந்த இலை போதும். வித்து முளைத்து இலைத்துளை வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே புகும். பிறகு பத்து முதல் பதினான்கு நாள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதன்பின் புள்ளி, புள்ளியில் புதிய வித்துகள், மறுபடியும் பயணம். ஒரு பயிர்க்காலத்தில் இந்தச் சுற்று ஐந்தாறு முறை நடந்துவிடும்.

சரி, முதல் வித்து எங்கிருந்து வந்தது? பறிப்பு முடிந்த கொல்லையில் உதிர்ந்து கிடக்கும் பழைய இலையிலும் குச்சியிலும் இலைப்புள்ளிப் பூசணம் உயிரோடு தங்கும். துருவின் வழி வேறு. அது செத்த குப்பையில் நெடுநாள் வாழாது; உயிருள்ள கடலைச் செடி வேண்டும். முன்னே சொன்னோமே, மண்ணில் தங்கிவிட்ட காய்! அடுத்த மழையில் அது தானாக முளைக்கும். ஊருக்கு எட்டுச் செடி அப்படி வரப்போரம் நின்றால் போதும். அடுத்த பட்டத்துக்கு வேண்டிய துரு அதில் காத்திருக்கும். ஆனி, மார்கழி, சித்திரை என்று மூன்று பட்டத்திலும் பக்கத்துப் பக்கத்தில் கடலை நிற்கும் ஊரில் அதற்குக் காத்திருக்கும் வேலைகூட இல்லை.

கூட்டு வட்டிக் கணக்கு

1963-இல் தென்னாப்பிரிக்க அறிஞர் வாண்டர்பிளாங்க் பயிர்நோய்ப் பரவலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் பெருகும் நோயை அவர் கூட்டு வட்டிக்கு ஒப்பிட்டார். நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உண்மையான கொல்லையில் மழை, பனி, வகை இவற்றைப் பொறுத்து மாறும்.

ஒரு ஏக்கர் கொல்லை. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் சுமார் 1,35,000 செடிகள் இருக்கும். முப்பதாம் நாளில் கொல்லை முழுவதிலும் 1,000 புள்ளிகள் என்று கொள்வோம். 135 செடிக்கு ஒரு புள்ளி! யார் கண்ணிலும் படாது. ஒரு புள்ளி பன்னிரண்டு நாளில் பத்துப் புள்ளி ஆகிறது எனலாம். 42-ஆம் நாள் 10,000. 54-ஆம் நாள் ஒரு லட்சம். 66-ஆம் நாள் பத்து லட்சம். 78-ஆம் நாள் ஒரு கோடி. 90-ஆம் நாள் பத்துக் கோடி. அதாவது செடிக்கு எழுநூற்று நாற்பது புள்ளி. அதற்கு முன்பே இலையெல்லாம் கொட்டியிருக்கும். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது, திடீரென்று வந்துவிட்டதே" என்று சொல்கிறோம். திடீரென்று வரவில்லை, கூட்டு வட்டியின் கடைசி இரண்டு தவணையை மட்டுமே நாம் பார்த்தோம்.

இப்போது ஒரு மாற்றம் செய்வோம். கோடை உழவு செய்து பழைய குப்பையை ஆழப் புதைத்து, தானாக முளைத்த செடிகளையும் பிடுங்கிவிட்டார் ஒரு விவசாயி. தொடக்கத்தில் 1,000 புள்ளிக்குப் பதில் 100. மற்றவை எல்லாம் முன்போலவே. 90-ஆம் நாள் ஒரு கோடி. பத்தில் ஒரு பங்கு என்பது கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் நோய் பன்னிரண்டு நாள் பின்தள்ளப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு விவசாயி குப்பையைத் தொடவில்லை. நோயை ஓரளவு தாங்கும் வகையை விதைத்து, கம்பை ஊடுபயிராக வைத்தார். ஒரு புள்ளியிலிருந்து பத்துக்குப் பதில் ஐந்து மட்டுமே உண்டாகிறது. 1,000-ஐ ஐந்து முறை ஐந்தால் பெருக்கினால் 31,25,000.

மூன்றாமவர் இந்த இரண்டையும் செய்யாமல் ஒரே ஒரு முறை மருந்து தெளித்து ஒரு சுற்றை முழுவதுமாகத் தடுத்தார். அவருக்கு மிஞ்சுவது ஒரு கோடி.

நான்காமவர் மூன்றையும் செய்தார். தொடக்கம் 100, பெருக்கம் ஐந்து, ஒரு சுற்றுத் தடை. விடை 62,500. இரண்டு செடிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. பத்துக் கோடியில் 1,600-இல் ஒரு பங்கு!

இதில் எந்த ஒரு செயலும் நோயை ஒழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் அரைகுறையானது. ஆனால் அவற்றின் பயன் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருகுகிறது. வேளாண்மைத் துறையினர் 'ஒருங்கிணைந்த நோய் நிர்வாகம்' என்று சொல்வதன் கணக்கு இதுதான்.

கொல்லையில் செய்வன

குப்பையைப் பற்றிச் சொல்லிவிட்டோம். அடுத்தது பயிர்ச் சுழற்சி. இலைப்புள்ளிப் பூசணங்கள் இரண்டும் கடலை இனத்தைத் தவிர வேறு பயிரில் வாழ்வதில்லை. ஆகவே ஒரு பட்டம் கடலை விட்டு கம்போ சோளமோ எள்ளோ உளுந்தோ விதைத்தால் மண்ணில் கிடக்கும் பூசணம் பட்டினி கிடந்து குறையும். உளுந்தும் கடலையும் ஒரே பயறுக் குடும்பம் ஆயிற்றே, நோய் தாவாதா என்று கேட்கலாம். தாவாது; இந்தப் பூசணங்கள் அவ்வளவு குறிப்பான சுவை உடையவை. உளுந்துக்கு இப்பகுதி விவசாயிகள் தொலைவு போக வேண்டியதில்லை. வல்லத்திராக்கோட்டைக்கு அருகிலேயே வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 'வம்பன்' என்ற பெயரோடு எண் சேர்த்து வழங்கும் உளுந்து வகைகள் அங்கே உருவானவை.

ஊடுபயிர் எப்படி உதவும்? மூன்று வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு அல்லது சோளம் நின்றால், காற்றில் வரும் வித்துகளில் ஒரு பகுதி அந்தத் தட்டைகளில் படிந்து வீணாகும். வேலி தாண்டும் ஆட்டை மறிப்பது போல.

விதைக்கும் காலமும் ஒரு கருவி. ஆனிப் பட்டத்தை நாள் தள்ளி விதைத்தால், பருப்பு நிறையும் காலம் வடகிழக்குப் பருவமழையோடு போய் மோதும். இலை உலராத நாள்கள் அதிகமாகும், நோயும் அதிகமாகும். ஆனால் மழையை நம்பியிருப்பவரிடம் "காலத்தில் விதை" என்று சொல்வது எளிது. மழை வந்தால்தானே அவர் விதைப்பார்? இந்த அறிவுரை இறவைக்காரருக்கே முழுமையாகப் பொருந்தும்.

பொலிவியாவிலிருந்து வந்த உறவினர்

நோயைத் தாங்கும் வகைகளின் கதை சுவையானது. தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டில் அராக்கிஸ் கார்டெனாசியை என்ற காட்டுக் கடலை வளர்கிறது. நம் கடலையின் ஒன்றுவிட்ட உறவு. பின்பருவ இலைப்புள்ளி இதை ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. இந்தக் குணத்தை நம் கடலைக்குக் கொண்டுவர முடியுமா?

ஒரு தடை இருந்தது. நாம் பயிரிடும் கடலையின் செல்லில் 40 குரோமோசோம்கள். காட்டுக் கடலையில் 20. இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடிக்கு 30. இணை சேர முடியாத குரோமோசோம்கள் இருப்பதால் அது மலடு. 1960-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வழி கண்டனர். கோல்ச்சிசின் என்ற பொருளைக் கொண்டு குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினர்: 30 என்பது 60 ஆயிற்று. இப்போது ஒவ்வொன்றுக்கும் இணை உண்டு; செடி காய்த்தது. அதன் சந்ததிகள் தலைமுறைதோறும் மிகையான குரோமோசோம்களை இழந்து 40-க்கு வந்து நின்றன. அவற்றில் சில, காட்டுக் கடலையின் நோய்த்தாங்கும் துண்டுகளைத் தக்கவைத்துக்கொண்டிருந்தன.

அந்த விதைகள் பல நாடுகளுக்குப் போயின. ஹைதராபாதுக்கு அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனத்துக்கும் வந்தன. கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜி.பி.பி.டி. 4 என்ற வகை இந்த வழியில் வந்ததே. துருவையும் பின்பருவ இலைப்புள்ளியையும் அது நன்கு தாங்குகிறது. 2021-இல் வெளியான ஒரு மரபியல் ஆய்வு, அந்த ஒற்றைக் காட்டுச் செடியின் வாரிசுத் துண்டுகள் சுமார் 30 நாடுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட கடலை வகைகளில் இருப்பதைக் கண்டறிந்தது. தமிழ்நாட்டில் திண்டிவனம், விருத்தாசலம், ஆழியார்நகர் ஆராய்ச்சி நிலையங்களும் கடலை வகைகளை உருவாக்கி வருகின்றன. டி.எம்.வி., வி.ஆர்.ஐ., ஏ.எல்.ஆர். என்று விதைப் பையில் காணும் எழுத்துகள் அந்த ஊர்களைக் குறிக்கும்.

தாங்கும் வகை என்றால் நோயே வராது என்று பொருளில்லை. புள்ளி சிறிதாகும், வித்து குறையும், ஒரு சுற்றுக்கு ஆகும் நாள் கூடும். நம் கணக்கில் பத்து ஐந்தாவது இப்படித்தான்.

மருந்தின் இடம்

மருந்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பலர் அதையே முதலில் நினைக்கிறார்கள். அதுவும் இலை பாதி கொட்டிய பிறகு. கொட்டிய இலையை எந்த மருந்தும் ஒட்டவைக்காது. புள்ளிகள் தலைகாட்டத் தொடங்கும்போதே முதல் தெளிப்பு. தேவையானால் பதினைந்து நாள் கழித்து மறு தெளிப்பு என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஹெக்டேருக்கு மாங்கோசெப் 1,000 கிராம் அல்லது கார்பென்டாசிம் 500 கிராம் என்று அளவும் சொல்லியிருக்கிறார்கள். வேப்பிலைச் சாறு, எருக்கு இலைச் சாறு போன்றவையும் பரிந்துரைகளில் இடம் பெற்றுள்ளன. பின்பருவப் பூசணம் இலையின் அடிப்பக்கத்தில் வித்து விடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். செடியின் தலையை மட்டும் நனைத்துச் செல்லும் தெளிப்பால் பயன் குறைவு. நீர்த்திவலை அடி இலைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். தெளிப்பவர் முகமூடியும் கையுறையும் அணிய வேண்டும்; காற்றுக்கு எதிரே நின்று தெளிக்கக் கூடாது. மாணவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் கிடைத்தது. 1970-களின் தொடக்கத்தில் அங்கே பெனோமில் என்ற மருந்து கடலைக்கு வந்தது. செடிக்குள் ஊடுருவி வேலை செய்யும் அருமையான மருந்து என்று எல்லாரும் அதையே திரும்பத் திரும்பத் தெளித்தார்கள். 1974-க்குள் அதற்கு அடங்காத இலைப்புள்ளிப் பூசணங்கள் தென்கிழக்கு மாநிலங்களில் தோன்றிவிட்டன. காரணம் என்ன? பெனோமில் பூசண செல்லில் ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துச் செல் பிரிவதைத் தடுக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு சிறு மாற்றம் ஏற்பட்டால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. பத்துக் கோடிப் புள்ளிகளின் கோடானுகோடி வித்துகளில் அப்படிப்பட்ட ஒன்று இருந்தால் போதும். மற்றவை மடிய, அது மட்டும் பெருகும். கார்பென்டாசிமும் அதே குடும்பம். பெனோமில் சிதைந்தால் கிடைப்பதே அதுதான். மாங்கோசெப் பூசணத்தைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குவதால் அதற்கு எதிர்ப்பு எழுவது கடினம். ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளிக்காமல் மாற்றியும் கலந்தும் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். இங்கேயும் நம் கணக்கு உதவுகிறது: கொல்லையில் புள்ளி குறைவாக இருந்தால், எதிர்ப்புள்ள அந்த ஒரு வித்து இருக்கும் வாய்ப்பும் குறைவு.

ஓட்டை உடைத்துப் பாருங்கள்

முற்றியதா, நோயா என்ற கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. கொல்லையின் நான்கைந்து இடங்களில் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிக் காய்களை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். முற்றாத காயில் அது வெள்ளையாக, பஞ்சு போல இருக்கும். முற்றிய காயில் பழுப்பும் கருமையும் படர்ந்திருக்கும். பெரும்பாலான காய்களில் கருமை வந்திருந்தால் பறிக்கலாம்.

உட்புறம் வெள்ளையாகவும் இலை பாதி உதிர்ந்தும் இருந்தால் அது நோய். அப்போது முடிவெடுப்பது சங்கடமானது. உடனே பறித்தால் பருப்பு சூம்பல். காத்திருந்தால் விழுது அறுந்து காய் மண்ணில் தங்கும். கொத்துக் கடலைக்கு விதை உறக்கம் இல்லாததால் ஒரு மழை பெய்தால் காய் கொல்லையிலேயே முளைத்தும்விடும். நுனியில் இருக்கும் இலை எவ்வளவு, வானம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, சில நாளுக்கு ஒருமுறை இரண்டு செடியைப் பிடுங்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒன்று: வேண்டாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் நனைத்த காகிதத்தை விரித்து, கரும்புள்ளி உள்ள கடலை இலையை அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்து மூடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கைலென்ஸால் பாருங்கள். புள்ளியின்மேல் வளையம் வளையமாகச் சிறு குஞ்சங்கள் தெரியும். அவற்றின் நுனியில்தான் வித்துகள் உண்டாகின்றன. பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால், ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைப் புள்ளிமேல் ஒற்றி எடுத்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பாருங்கள். குறுக்குச் சுவர் உள்ள நீண்ட வித்துகளைக் காணலாம். முடிந்ததும் டப்பாவை அப்புறப்படுத்திக் கையைக் கழுவுங்கள்.

இரண்டு: வீட்டுக் கொல்லையிலோ பக்கத்துக் கொல்லையிலோ உரியவரைக் கேட்டுக்கொண்டு, இருபது செடிகளுக்குச் சிறு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். முப்பதாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை அவற்றின் நடுத்தண்டை மட்டும் பாருங்கள். இலை உதிர்ந்த இடத்தில் தண்டில் தழும்பு நிற்கும். தழும்புகளை எண்ணுங்கள்; நிற்கும் இலைகளையும் எண்ணுங்கள். தழும்பின் எண்ணிக்கையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் இலை உதிர்ந்த சதவீதம் கிடைக்கும். நாளைக் கிடையாகவும் சதவீதத்தைச் செங்குத்தாகவும் குறித்து வரைபடம் போடுங்கள். அதன் அடியிலேயே மழை பெய்த நாளையும், காலை எட்டு மணிக்கும் பனி உலராத நாளையும் ஒரு புள்ளியிட்டுக் காட்டுங்கள். வரைபடம் மேலே வளையும் இடத்திலிருந்து பத்து, பதினான்கு நாள் பின்னோக்கிப் போய், அங்கே என்ன புள்ளி இருக்கிறது என்று பாருங்கள்.